இந்த வயசுல எதுக்குக் கோர்ட்டு?

"இந்த வயசுல எதுக்கும்மா கோர்ட்டு கேஸுன்னு? அவர் பாட்டுக்கு அவர் இருக்கட்டும், நீ பாட்டுக்கு நீ இரு. யார் வந்து கேக்கப் போறா?"

அம்மா இதைச் சொன்னபோது எனக்கு 46 வயது. கல்யாணமாகி 21 வருஷம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அம்மா சொன்னதையே பிறகு அக்கா சொன்னாள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் சொன்னார், எங்கள் தெருவில் எனக்குப் பிடித்த ஒரே மனுஷியான மாடி வீட்டு அக்காவும் சொன்னார். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. நாங்கள் பிரிந்ததைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். அதைக் காகிதத்தில் போட்டு முடிக்க வேண்டும் என்றதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்களுக்குத்தானே விவாகரத்து, உனக்கு எதுக்கு என்ற கேள்வி அது.

அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக் குறிப்பு எடுத்து வைத்தேன். அந்தக் குறிப்புகளும் என் அனுபவமும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் வக்கீல் இல்லை. இங்கே சொல்லியிருப்பது பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்துக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கும் உட்பட்டவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்குச் சட்டம் வேறு, ஆனால் கேள்வி ஒன்றுதான்.

அத்தையின் வீடு

என் பதில் உண்மையில் என் அத்தையிடம் இருந்து தொடங்குகிறது. அப்பாவின் அக்கா. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் 1966-ல் கல்யாணம். 1975-ல், 29 வயதில், ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். குழந்தை இல்லை. மாமாவுக்கு அதற்குள் வேறொரு குடும்பம் அமைந்திருந்தது. நாலு வருஷம் கழித்து ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, ஒரு முத்திரைத்தாளில் "இனி இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, கையெழுத்து வாங்கி, அப்பாவிடம் கொடுத்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அத்தை தையல் கற்றுக்கொண்டார். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஜூன் மாதம் வந்தால் ராத்திரி பதினொரு மணிவரை மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். சீட்டுப் போட்டு, நகையை விற்று, 1993-ல் 48,000 ரூபாய்க்கு ரெண்டு அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக ஒரு வீடு வாங்கினார். பத்திரம் அவர் பெயரில். தாலியை மட்டும் கழற்றவில்லை. "ஊரு வாய்க்குத்தான் கண்ணு போட்டிருக்கேன், கழுத்துக்கு இல்ல" என்பார்.

2012-ல் இறந்தார். சிவப்புப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினோம். "சுமங்கலியாப் போயிட்டா, கொடுத்து வச்சவ" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து மாமா வந்தார். கூட அவருடைய பெரிய பையன். வாசலில் நின்று தண்ணீர் கேட்டார், அப்பா கொடுத்தார். வீட்டைப் பற்றிப் பேச வந்திருப்பதாகச் சொன்னார். அப்பா அந்த முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். சட்டப்படி அத்தை கடைசிவரை அந்த மனிதரின் மனைவிதான். குழந்தை இல்லை, உயில் இல்லை. வாரிசு அவர் ஒருவர்தான்.

வழக்குப் போட அப்பாவுக்குத் தெம்பு இல்லை. வீடு போனது. தையல் மிஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

சட்டம் எப்படிக் கணக்குப் போடுகிறது

அப்போது எனக்கு இது அநியாயமாக மட்டும்தான் தெரிந்தது. சட்டத்தைப் படித்த பிறகுதான் இதில் யாரும் எதையும் திருகவில்லை, பிரிவு அப்படியேதான் இருக்கிறது என்று புரிந்தது.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து யாருக்குப் போகும் என்று வரிசை சொல்கிறது. முதல் வரிசையில் மகன், மகள், கணவர். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகள். அதற்கும் பிறகுதான் அந்தப் பெண்ணின் அம்மா, அப்பா. அண்ணன் தம்பி எல்லாம் இன்னும் பின்னால். அப்பா அம்மாவிடம் இருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், பிள்ளைகள் இல்லாதபோது அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அவள் தன் கையால் சம்பாதித்த சொத்துக்கு அந்த விலக்கு கிடையாது. மிஷின் மிதித்து வாங்கிய வீடு பொது வரிசையில்தான் போகும்.

இதற்கு எங்கள் அத்தையைவிடக் கடுமையான உதாரணம் ஒன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண், 2009. நாராயணி தேவி என்ற பெண் 1955-ல் கல்யாணமாகி மூன்று மாதத்துக்குள் விதவையானார். புகுந்த வீட்டார் அவரை வெளியே அனுப்பினார்கள். பெற்றோர்தான் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார், சேமித்தார், 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கிப் பணமும் வருங்கால வைப்பு நிதியும் யாருக்கு? அவருடைய தாய்க்கா, பல வருஷத்துக்கு முன் அவரைக் கைவிட்ட கணவர் வீட்டின் வழிவந்தவர்களுக்கா? கணவர் வழி வாரிசுகளுக்குத்தான் என்றது நீதிமன்றம். சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது அனுதாபத்தை வைத்து அதை மாற்ற முடியாது என்பதுதான் காரணம்.

இந்த வரிசையில் "கணவர்" என்றால் சட்டப்படி கணவராக இருப்பவர். கூட வாழ்கிறாரா, முப்பது வருஷமாக முகம் பார்த்தாரா என்றெல்லாம் 15-ஆவது பிரிவு கேட்பதில்லை. விவாகரத்து ஆகியிருந்தால் அந்த வரிசையில் கணவர் என்ற ஆளே இல்லை. வெறுமனே பிரிந்திருந்தால் அவர்தான் முதல் ஆள். நீதிமன்றத்தில் "ஜுடீஷியல் செபரேஷன்" என்று ஓர் ஆணை வாங்குகிறார்களே, சட்டத்தின் 10-ஆவது பிரிவு, அதுவும் சேர்ந்து வாழும் கடமையைத்தான் நீக்கும். கல்யாணம் அப்படியே நிற்கும்.

ஜீவனாம்சத்திலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. பேசி வைத்துக்கொண்டு பரஸ்பர சம்மதத்தோடு தனித்தனியாக வாழ்கிற மனைவிக்கு அந்தப் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கிடையாது. ஆனால் அதே பிரிவில், மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண் "மனைவி" என்ற சொல்லுக்குள் வருகிறாள், அவள் கேட்கலாம். பரஸ்பர சம்மத விவாகரத்து பெற்றவளும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லியிருக்கிறது. கௌரவமாக, சத்தமில்லாமல், காகிதமில்லாமல் பிரிந்தவளுக்குத்தான் இரண்டு பக்கமும் பாதுகாப்பு இல்லை.

துரும்பும் முத்திரைத்தாளும்

அந்த முத்திரைத்தாள் ஏன் செல்லவில்லை? இதைத் தேடப் போனபோதுதான் சுவாரஸ்யமான பழைய சங்கதி ஒன்று கிடைத்தது.

விவாகரத்து என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நகரத்துக்காரர்கள் பழகிக்கொண்டது என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலைப் புரட்டினால் வேறு கதை தெரியும். கள்ளர்களைப் பற்றிச் சொல்லும்போது, ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்துக் கல்யாணத்தை முறித்துக்கொள்ளும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். "துரும்பு கொடுத்தல்" என்றால் விலக்குதல், "துரும்பு வாங்குதல்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளுதல். இன்னும் பல சாதிகளில் முறித்துக்கொள்ளவும், பெண் மறுபடி கட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. "அறுத்துக்கட்டுதல்" என்ற சொல் அதற்காகவே இருந்தது. பிறகு அந்தச் சொல்லே ஏளனமாகிப்போனது. "அறுத்துக்கட்டுகிற சாதி" என்று தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். வசதியும் அந்தஸ்தும் வந்த குடும்பங்கள் முதலில் கைவிட்ட வழக்கங்களில் இதுவும் ஒன்று. மேலே ஏறும் சாதிகள் மேலே இருப்பவர்களின் வழக்கத்தை எடுத்துக்கொள்வதைப் பற்றி எம்.என். சீனிவாஸ் நிறைய எழுதியிருக்கிறார்.

துரும்பு முறையை நான் புனிதப்படுத்தவில்லை. அதில் பெண்ணுக்குச் சமமான குரல் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு நல்லது இருந்தது. முடிந்தது என்பது நாலு பேர் முன்னால் முடிந்தது. அடுத்த நாள் யார் யாருக்கு என்ன என்ற சந்தேகம் இல்லை.

சட்டம் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. கணவன் மனைவி இருவருக்கும் திருமணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே பேசியது. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தையும் அனுமதித்த சட்டம் 1949-ல் வந்தது. நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம் 1955-ல். அதிலும் இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான 13பி பிரிவு 1976-ல்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டி நிரூபித்தால்தான் பெரும்பாலும் வழி. அத்தை வீட்டுக்குத் திரும்பிய வருஷம் 1975 என்பதைக் கவனியுங்கள். முத்திரைத்தாள் எழுதிய 1979-ல் 13பி இருந்தது, எங்கள் பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

1955-ஆம் வருஷத்துச் சட்டம் பழைய வழக்கங்களை முழுக்க அழிக்கவும் இல்லை. 29-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட விவாகரத்து உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொடர்ந்து இருந்துவருகிறது என்று கோர்ட்டில் சொல்லி நிரூபிக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாளும் கையெழுத்தும் போதாது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "நம்ம பக்கம் அந்த வழக்கமெல்லாம் கிடையாது" என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசியவர்கள். வழக்கம் இல்லை என்ற பெருமையும் வேண்டும், வழக்கப்படி முடித்த காகிதமும் செல்ல வேண்டும் என்றால் எப்படி? அத்தைக்குத் துரும்பும் கிடைக்கவில்லை, தீர்ப்பும் கிடைக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக "விவாகரத்து ஆனவர்கள்", "பிரிந்து வாழ்பவர்கள்" என்று தனித்தனியாக எண்ணினார்கள். விவாகரத்து ஆனவர்கள் நாடு முழுக்கச் சுமார் 13.6 லட்சம். பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண்கள் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள், பெண்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். நம்மூரில் விவாகரத்து பெருகிவிட்டது என்று பேசிக்கொள்ளும்போது, அதன் மூன்று மடங்கு பேர் முடிக்காமல் நிற்பதை யாரும் பேசுவதில்லை.

எங்கள் கதை, சுருக்கமாக

நானும் அவரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுபோச்சு. நாலு வருஷம் ஒரே வீட்டில் ரெண்டு அறை. "கேஸ் புக் பண்ணியாச்சா", "கரண்ட் பில் கட்டியாச்சா" தவிர வேறு வாக்கியம் கிடையாது. பிறகு அவருக்கு வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார், அப்படியே தனி வீடு.

13பி-யில் மனு போட ஒரு வருஷம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனியாக என்றால் வேறு வேறு வீடு என்று கட்டாயமில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம் என்று சுரேஷ்டா தேவி வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த அன்று ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரெண்டு அறை வாழ்க்கைக்கு சட்டத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

மனுவோடு கல்யாணப் பத்திரிகையும் கல்யாணப் போட்டோவும் வைக்கச் சொன்னார் வக்கீல். பீரோ மேலே இருந்து ஆல்பத்தை இறக்கி, தூசி தட்டி, தாலி கட்டும் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முடிப்பதற்கு முதல் அத்தாட்சி ஆரம்பித்த படம்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா என்னம்மா இவ்வளவு ஒல்லியா இருக்காரு" என்றாள். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

முதல் விசாரணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி. மனம் மாறினால் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எல்லாம் பேசித் தீர்ந்து, ஏற்கனவே நீண்ட நாள் பிரிந்திருந்தால் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. 21 வருஷம் இருந்தாச்சு, ஆறு மாசம் என்ன பெரிசு.

கடைசி நாள் உள்ளே இருந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்ததும் அவர் "சாப்பிட்டியா" என்று கேட்டார். "இல்ல, போய்த்தான்" என்றேன். அவ்வளவுதான். குடும்ப நல நீதிமன்றத்தில் இருவர் சம்மதத்தோடு வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கே முடிந்தது.

அதற்குப் பிறகு செய்தவை

புது வாழ்க்கை என்று சினிமாவில் காட்டுவார்கள், தலைமுடி வெட்டிக்கொள்வதும் மலைப்பாதையில் பஸ் போவதும். எனக்கு அது கவுண்டர் கவுண்டராக நிற்பதில் ஆரம்பித்தது. யாருக்காவது உதவும் என்று செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கே எப்போது ஒரிஜினல் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, நாமினி. தீர்ப்பு வந்தால் இதெல்லாம் தானாக மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். மாறாது. பி.எஃப், வங்கிக் கணக்கு, ரெண்டு இன்ஷூரன்ஸ் பாலிசி, எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் இருந்தது. ஒவ்வொன்றாக நாமே மாற்ற வேண்டும். பி.எஃப் நாமினேஷனை இணையத்திலேயே மாற்றலாம். மற்றதற்கு நேரில் போய்ப் படிவம் கொடுத்தேன். அவரிடமும் சொன்னேன், "உங்க பாலிசியிலயும் என் பேரை எடுத்துடுங்க" என்று. அவருக்கு அது தோன்றவே இல்லையாம்.

மூன்றாவது, ரேஷன் கார்டு. பெயர் நீக்கம், பெயர் சேர்த்தல். அவர் பெயர் நீங்கி நான் குடும்பத் தலைவி ஆனேன்.

நான்காவது, இனிஷியல். நம்மூரில் கல்யாணமானால் அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்துவிடுகிறது. எனக்கு ஆதாரிலும் வங்கியிலும் அவர் எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் டிகிரியிலும் அப்பாவின் எழுத்து. பான் கார்டில் கல்யாணமான பெண்களுக்கும் கணவர் பெயர் வராது என்பதால் அங்கேயும் அப்பாதான். எல்லாவற்றையும் ஒன்றாக்க உட்கார்ந்தபோது, நான் மாற வேண்டியது பாதிக் காகிதங்களில்தான், மீதியில் மாறவே இல்லை என்று தெரிந்தது.

ஐந்தாவது, பென்ஷன் கணக்கு. பி.எஃப்-இல் சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் 58 வயதில் மாதப் பென்ஷன் வேண்டுமென்றால் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். மகள் பிறந்தபோது வேலையை விட்டு எட்டு வருஷம் வீட்டில் இருந்தவள் நான். பழைய கம்பெனியின் கணக்கையும் இப்போதையதையும் இணைத்துப் பார்த்தால் ஒன்பது வருஷம் சொச்சம். இந்தக் கணக்கை 30 வயதிலேயே போட்டிருக்க வேண்டும். வேலையை விட்டபோது பி.எஃப் பணத்தை எடுக்காமல் போட்டுவைத்தது சோம்பேறித்தனத்தால் நடந்த நல்ல காரியம்.

ஆறாவது, வீடு. இதுதான் கஷ்டமாக இருந்தது. வாடகைக்குப் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" முதல் ரெண்டு இடத்தில் "வெளியூர்ல இருக்கார்" என்று மழுப்பினேன். மூன்றாவது இடத்தில் ஒரு வயதான அம்மா கேட்டார். "விவாகரத்து ஆயிடுச்சும்மா, நானும் மகளும்தான்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, "தண்ணி காலைல ஆறு டு எட்டுதான் வரும், பரவாயில்லையா?" என்றார். அங்கேதான் இருக்கிறோம்.

மழுப்பியபோது தொண்டையில் ஏதோ நின்றது. உள்ளதைச் சொன்னபோது நிற்கவில்லை. காகிதம் கையில் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த வாக்கியம் வந்திருக்காது. "பிரிஞ்சு இருக்கோம்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "எப்ப சேருவீங்க" என்றுதான் வரும். அத்தைக்கு 37 வருஷம் அந்தக் கேள்வி வந்தது.

உயில்

ஏழாவதாகச் செய்தது உயில் எழுதியது. 47 வயதில் உயிலா என்று நீங்களும் கேட்கலாம். விவாகரத்தைவிட இது முக்கியம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் எல்லாராலும் கோர்ட்டுக்குப் போக முடியாது. பிள்ளைகள் சின்னவர்கள், கணவர் சம்மதிக்கவில்லை, செலவுக்குப் பணம் இல்லை, ஊர் அப்படி. நூறு காரணம் இருக்கும். ஆனால் தன் பெயரில் உள்ள சொத்துக்குப் பெண் முழு உரிமையாளர். அதை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், கணவரின் சம்மதம் வேண்டாம், விவாகரத்து ஆகியிருக்கவும் வேண்டாம். உயில் இருந்தால் 15-ஆவது பிரிவின் வரிசை அந்தச் சொத்தைத் தொடாது. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது பின்னால் சண்டை வராமல் இருக்க நல்லது. கட்டாயமானது ஒன்றுதான். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது ரெண்டு சாட்சிகள் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர்களையே சாட்சியாகப் போடாமல் இருப்பது உத்தமம்.

அத்தையின் வீட்டைக் காப்பாற்ற ஒரு தாளும் ரெண்டு பேரும் போதுமாக இருந்திருக்கும். எங்களிடமும் தாள் இருந்தது. அது தவறான தாள்.

இதுதான் அம்மாவின் கேள்விக்கு என் பதில். மறுபடி கல்யாணம் செய்துகொள்வதற்காக நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. செய்துகொள்ளவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை, அது வேறு விஷயம். இனிமேல் நான் சம்பாதிப்பதும் சேர்ப்பதும் எந்தக் கணக்கில் விழுகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது. 46-க்கு மேல் ஒருத்தி மறுபடி ஆரம்பிக்கிறாள் என்றால், பழைய கணக்கு திறந்திருக்கும்போது புதுக்கணக்கு எழுத முடியாது.

தையல் மிஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பெல்ட் அறுந்துபோயிருந்தது, போன மாதம் மாற்றினேன். மகள் அதில் தலையணை உறை தைக்கப் பழகுகிறாள், கோணல்மாணலாக.

இந்தக் கட்டுரையை முதலில் அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். அப்பா இறந்த பிறகு ஊரில் இருக்கும் அரை ஏக்கர் அம்மா பெயரில் இருக்கிறது. அத்தையின் பகுதி வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது அறை வாசலில் நின்று கேட்டார்:

"அந்த உயிலுக்கு எத்தனை சாட்சி வேணும்னு சொன்ன?"